புதுப்பிப்பு: காரில் ஹாம் ரேடியோ, சீழ்க்கை அடங்கியது

காரில் பொருத்திய ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி; என்னுடையது இரண்டு மீட்டர் அலைநீளத்தில் இயங்குவது), ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சீழ்க்கை ஒலியும் ஏறுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். குற்றவாளி நான்தான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தேன். 50 வாட்டில் பேசினால் ரேடியோ 10 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த மெல்லிய கம்பி தாங்குமா? எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டரின் (காரின் மின்னாக்கி) இரைச்சலும் அதே வழியாக ரேடியோவுக்குள் வந்துவிட்டது.

இப்போது பேட்டரியிலிருந்தே தடித்த கம்பி, பேட்டரி முனையருகே ஃபியூஸ். எஞ்சின் பக்கத்துத் தகட்டைத் தாண்டிக் கம்பியை உள்ளே கொண்டுவரத்தான் அரை நாள் போனது. கடலூர் மஞ்சக்குப்பம் மெக்கானிக் அண்ணன், கம்பி அறுபடாமலிருக்க ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தார். அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள ஆன்டெனாவையும் (ஏறத்தாழ 49 செ.மீ.) டிக்கி ஓரத்திலிருந்து கூரை நடுவுக்கு மாற்றிவிட்டேன்.

நேற்று தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து பேசியது புதுச்சேரி நண்பருக்குத் தெளிவாகக் கேட்டது. சீழ்க்கை துளி மிச்சம் இருக்கிறது, ஏசி போட்டால் மட்டும்.