3 கோடி விடுதி டெண்டர், 15 நாள் போதுமா?

கேள்வி: வேலூர் பக்கம் பல்கலைக்கழக விடுதிக் கட்டடம், மதிப்பீடு 3 கோடி. அறிவிப்புக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே 15 நாள்தான். கேன்டீன் குத்தகையும் அதே கூட்டத்தில் வருகிறது. சிண்டிகேட்டில் (பல்கலைக்கழக நிர்வாகக் குழு) நிற்குமா சார்?

பதில்: நிற்காதுங்க. தமிழ்நாடு டெண்டர் விதிகள் 2000-இன்படி 15 நாள் 2 கோடி வரைக்கும்தான், தாண்டினால் 30. குறைத்திருந்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்திருக்கணும். அந்தத் தாள் கோப்பில் இல்லையென்றால் தணிக்கையில் கட்டாயம் மாட்டும். விலைக்குறைப்புப் பேச்சும் எல்1, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவர், ஒருவரோடு மட்டுமே.

பதில்: குத்தகைக்குச் சொல்றேன் தம்பி. ஓராண்டைத் தாண்டினால் பத்திரப்பதிவு கட்டாயம். அதைத் தவிர்க்க 11 மாதம் போட்டு, ஏலமே விடாமல் நீட்டிக்கொண்டே போகாதீங்க. வாடகை பழைய ரேட்டிலேயே கிடக்கும். சப்-மீட்டர் (கேன்டீனுக்குத் தனி மின் மீட்டர்), ஜிஎஸ்டி யார் பொறுப்பு, காலி செய்யும் தேதி எல்லாம் தீர்மானத்திலேயே வரணும்.