டிரினிட்டி கோபுரம் யாருடையது?

கல்தச்சன்:
ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன்தான் அமெரிக்கக் கட்டடக்கலைக்குச் சொந்த முகம் தந்தவர் என்று நேற்று இங்கே ஒருவர் உருகியிருந்தார். அவர் கட்டிய போஸ்டன் டிரினிட்டி தேவாலயத்தின் நடுக் கோபுரத்தைப் பாருங்கள். பிறகு ஸ்பெயினின் சலமான்கா பழைய பேராலயக் கோபுரத்தைப் பாருங்கள். மூலைக்கு மூலை நிற்கும் சிறு கோபுரங்கள் உட்பட அப்படியே இருக்கிறது. அங்கே உச்சியில் ஒரு சேவல் உண்டு. அதை மட்டும் விட்டுவிட்டார்.

வடக்குவீதி:
அந்த "ஒருவர்" நான்தான், பெயர் சொன்னால் வாய் வலிக்குமா? ரிச்சர்ட்சன் ஸ்பெயினுக்குப் போனது 1882இல். தேவாலயம் 1877இலேயே திறந்தாகிவிட்டது. பார்க்காததை எப்படிக் காப்பியடிப்பது?

கல்தச்சன்:
புகைப்படம் என்று ஒன்று உண்டு ஐயா.

மரப்பாச்சி:
நகல் என்று எதைச் சொல்கிறீர்கள், வடிவத்தையா, கட்டிய முறையையா? தேவாலயம் நிற்கும் பேக் பே பகுதி, சதுப்பைத் தூர்த்த நிலம். சுமார் 4,500 மரக்கம்பங்களை அடித்து அதன்மேல் எழுப்பினார்கள். முதலில் வரைந்த உயரமான கோபுரத்தைக் கனத்துக்குப் பயந்து குறைத்தார்கள்.

கல்தச்சன்:
கம்பம் மண்ணுக்குள் இருக்கிறது. நான் பேசுவது கோபுரத்தைப் பற்றி. அதை வரைந்ததில் அவருடைய அலுவலகத்திலிருந்த ஸ்டான்ஃபோர்டு ஒயிட்டுக்கும் கை உண்டு. காப்பிகூடச் சொந்தக் காப்பி இல்லை.

வடக்குவீதி:
சலமான்காவில் வட்டம், இங்கே சதுரம். அங்கே மீன்செதில் போன்ற கல், இங்கே சிவப்பு ஓடு. மூக்குக்கண்ணாடியை மாற்றுங்கள். சரி, சிகாகோவில் ரிச்சர்ட்சன் கட்டிய மார்ஷல் ஃபீல்டு மொத்த விற்பனைக் கட்டடம் எந்தப் பேராலயத்தின் நகல்? அதே ஊரில் கட்டடக்கலைஞர் சல்லிவனின் ஆடிட்டோரியம் கட்டடம் அதைப் பார்த்துத்தானே எழுந்தது?

கல்தச்சன்:
கோபுரத்தைக் கேட்டால் கிடங்குக்கு ஓடுகிறீர்கள். போன மாதம் கூரை விவாதத்திலும் இதே ஓட்டம்தான்.

வடக்குவீதி:
அன்று பதிவை அழித்துவிட்டுப் போனது யார்? என்னிடம் அந்தப் பதிவின் படம் இருக்கிறது.

புதுவரவு:
மன்னிக்கவும், அந்தத் தேவாலயத்தின் மேற்கு முகமண்டபம் மிக அழகு. அதுவாவது ரிச்சர்ட்சன் கட்டியதுதானே?

கல்தச்சன்:
இல்லை. அவர் 1886இல் 47 வயதில் இறந்துவிட்டார். மண்டபம் 1890களில் சேர்ந்தது. அதற்கும் தென்பிரான்சுத் தேவாலயங்களே மாதிரி. நகலுக்கு நகல்!

வடக்குவீதி:
இறந்தபின் சேர்த்ததற்கும் அவர்மேல்தான் பழியா?

மரப்பாச்சி:
நான் கேட்டது மேலேயே கிடக்கிறது.

கல்தச்சன்:
முதலில் கோபுரத்துக்குப் பதில் வரட்டும்.