பொருள்: 'ஃப்ரீ ஏஜென்ட்' – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அச்சுக்காரி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான விளையாட்டுப் பொருளியல் நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஏழாம் இயல் முழுக்க அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் கதை. கிளீவ்லாந்துக்குப் பக்கத்து ஆக்ரன் நகரில் பிறந்த பிள்ளை, கிளீவ்லாந்து கேவலியர்ஸ் அணிக்கு ஏழு பருவம் ஆடியவர், 2010 ஜூலை 8 அன்று ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சியே வைத்து, மயாமி ஹீட் அணிக்குப் போவதாக அறிவித்தார். அன்றிரவே கிளீவ்லாந்து தெருக்களில் அவருடைய 23-ஆம் எண் சட்டைகள் எரிந்தன.

எனக்கு முன் ஒருவர் செய்த வரைவில் 'ஃப்ரீ ஏஜென்ட்' என்பதற்குச் 'சுதந்திர முகவர்' என்றிருக்கிறது. அதே பத்தியில் வீரருக்காகப் பேரம் பேசும் ஏஜென்டும் 'முகவர்'. யார் யாருக்கு முகவர் என்று எனக்கே தலை சுற்றுகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்து, விரும்பிய அணியோடு பேசும் உரிமை உடைய ஆட்டக்காரர்: இதற்கு ஒரு சொல் தாருங்கள். வெள்ளி மாலை கோப்பினை அனுப்ப வேண்டும்.

பந்தாட்டப் பித்தன் எழுதியது:

அம்மா, 'கட்டற்ற வீரர்' என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். கட்டற்ற மென்பொருள், கட்டற்ற கலைக்களஞ்சியம் என்றெல்லாம் இருபது ஆண்டுகளாகப் புழங்குகிறோம். வீரருக்கு மட்டும் ஏன் புதுச்சொல்?

யாப்புக்கடல் எழுதியது:

கட்டற்ற என்றால் அடங்காத என்ற பொருளும் தொற்றிக்கொண்டு வருகிறதே, தம்பி. கட்டற்ற வெள்ளம், கட்டற்ற கோபம். கிளீவ்லாந்து ரசிகர் ஜேம்ஸை அப்படித்தான் பார்த்தார். நூலும் அப்படிப் பார்க்க வேண்டுமா?

என் பரிந்துரை 'பரிசிலர்': வள்ளல்களை நாடிப் போய்ப் பரிசில் பெறுபவர். அதியமான் பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது வாயில்காவலனைப் பார்த்து ஔவை சொன்னது என்ன? 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' (புறம் 206). தச்சன் பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போனால் எந்த மரம் கிடைக்காமல் போகும் என்றும் கேட்கிறாள். கைத்தொழில் உடையவனுக்கு எல்லா ஊரும் ஊர். என் திறமைகளை (மயாமியின்) சவுத் பீச்சுக்குக் கொண்டுபோகிறேன் என்று ஜேம்ஸ் சொன்னதும் இதுதான். ஔவையின் யாழையும் பையையும் அந்த ஊரில் யாரும் எரிக்கவில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

கோவைத் தமிழாசிரியை எழுதியது:

ஐயா, அதியமானிடமே 'வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்று பெருஞ்சித்திரனாரும் பாடியிருக்கிறார், இரண்டு பாட்டுத் தள்ளி. முகம் பார்க்காமல் கொடுத்த பொருள் வேண்டாம் என்ற மானம் அது. கோடிகளுக்குப் பேரம் பேசுபவரைப் பரிசிலர் என்றால் புலவர்கள் வருந்துவார்கள். அதோடு என் மாணவர்கள் 'பரிசு பெற்றவர்' என்று எழுதிவைப்பார்கள், திருத்துவது நான்.

பந்தாட்டப் பித்தன் எழுதியது:

ஆசிரியைக்கு ஒரு தகவல். மயாமியில் ஒன்றாக ஆடிய ஜேம்ஸ், வேட், பாஷ் ஆகிய வீரர்கள் மூவருமே தங்களுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச ஊதியத்தைவிடக் குறைவாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். அந்த அளவுக்கு அவர் வாணிகப் பரிசிலர் அல்லர். (நான் ஜேம்ஸ் கட்சி. முன்பே சொல்லிவிடுகிறேன்.)

தனித்தமிழ்ச் செம்மல் எழுதியது:

'ஒப்பந்தம் முடிந்த வீரர்' என்று யாரும் எழுதிவிடும் முன் எச்சரிக்கிறேன். ஒப்பந்தத்தில் 'பந்தம்' இருக்கிறது; அது வடசொல். 'தளைநீங்கி' எனலாம்.

யாப்புக்கடல் எழுதியது:

செம்மல் ஐயா, அது ஒப்பு என்ற அடியிலிருந்து வந்தது. கன்னடத்தில் 'ஒப்பந்த', தெலுங்கில் 'ஒப்பந்தம்'. உங்கள் கணக்கில் பந்தும் பந்தமாகிவிடும். பிறகு கூடைப்பந்தையே கைவிட வேண்டிவரும். தளைநீங்கி என்பதோ என் காதில் வெண்பாவில் தளைதட்டியது போல ஒலிக்கிறது.

நெல்லைச் சட்டத்தரகர் எழுதியது:

சிரிப்பு இருக்கட்டும், 'தளை'யை நான் ஆதரிக்கிறேன். கர்ட் ஃப்ளட் என்ற பேஸ்பால் வீரரை 1969-இல் செயின்ட் லூயிஸ் அணி ஃபிலடெல்ஃபியாவுக்குக் கைமாற்றியது. நான் விற்கப்படும் பொருள் அல்ல என்று மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். கூடைப்பந்தில் ஆஸ்கர் ராபர்ட்சன் 1970-இல் தொடுத்த வழக்கு 1976-இல் உடன்பாட்டில் முடிந்தது. நினைத்த அணிக்கு முழு உரிமையோடு போன முதல் ஆள் டாம் சேம்பர்ஸ்; அது 1988-இல்தான். பதினெட்டு ஆண்டு வழக்கும் பேரமும் சேர்ந்து நீக்கிய ஒன்றைத் தளை என்னாமல் வேறு என்ன என்பது?

ஜேம்ஸ் அறிவித்த அன்றிரவு கிளீவ்லாந்து அணி உரிமையாளர் டான் கில்பர்ட் எழுதிய வசைக்கடிதத்தைப் படித்த கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன், அதில் அடிமை முதலாளியின் மனப்போக்கு தெரிகிறது என்று கண்டித்தார். கூடைப்பந்து லீக் கில்பர்ட்டுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

அச்சுக்காரி எழுதியது:

அந்தக் கடிதத்தின் படம் நூலில் இருக்கிறது. காமிக் சான்ஸ் எழுத்துரு! குழந்தைகள் பிறந்தநாள் அழைப்பிதழ் எழுத்தில் 'கோழைத்தனமான துரோகம்' என்று இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிடுகிறது.

கில்பர்ட்டின் இன்னொரு நிறுவனம் ஜேம்ஸ் உருவம் பதித்த சுவர் ஒட்டிகளை 17 டாலர் 41 சென்டுக்குக் குறைத்து விற்றது. அமெரிக்காவில் துரோகத்துக்குப் பெயர்போன பெனடிக்ட் ஆர்னால்ட் பிறந்த ஆண்டு 1741. இதற்கு அடிக்குறிப்பு எழுத வேண்டும் என்பது என் அடுத்த கவலை. எட்டப்பன் என்று எழுதிவிட ஆசைதான், எழுத மாட்டேன்.

மதுரை வாசகர் எழுதியது:

இவ்வளவு எதற்கு? 'அணி தாவல்', 'அணி தாவியவர்'. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-லிருந்து இருக்கிறது. டீக்கடையில் சொன்னாலும் புரியும்.

கோவைத் தமிழாசிரியை எழுதியது:

புரியும், அதுதான் சிக்கல். கட்சி தாவுகிறவர் வாக்களித்தவருக்குக் கடன்பட்டிருக்கிறார். ஒப்பந்தம் முடிந்தவர் யாருக்கும் கடன்படவில்லை. 'தாவல்' என்று எழுதும் கை ஏற்கெனவே ஒரு சட்டையைக் கொளுத்திவிட்டது. அதே ஜேம்ஸ் 2014-இல் கிளீவ்லாந்துக்கே திரும்பி வந்தாரே, அப்போது யாராவது தாவினார் என்றார்களா? வீடு திரும்பினார் என்றார்கள். 2016-இல் கெவின் டூரண்ட் ஓக்லஹோமாவிலிருந்து, தம்மைத் தோற்கடித்த கோல்டன் ஸ்டேட் அணிக்கே போனபோது மறுபடியும் தாவல். ரசிகர் பேச்சைத் தருமிடத்தில் 'தாவல்' வரட்டும். சொல் விளக்கத்தில் வரக்கூடாது.

பந்தாட்டப் பித்தன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ரிஸ்ட்ரிக்டெட் ஃப்ரீ ஏஜென்ட்' என்ற ஆளை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். வேறு அணி என்ன தருவதாகச் சொன்னாலும் அதே தொகையைத் தந்து பழைய அணி அவரைத் தக்கவைக்கலாம். 'கட்டுள்ள கட்டற்ற வீரர்' என்றால் வகுப்பு சிரிக்கும். 'தளையுள்ள தளைநீங்கி' இன்னும் மோசம்.

இன்னொன்று. ஏட்டளவில் 2010-இல் நடந்தது நேர் மாற்றம்கூட அல்ல. ஜேம்ஸ் கிளீவ்லாந்தோடு கையெழுத்திட்டு, கிளீவ்லாந்து அவரை மயாமிக்குக் கைமாற்றி, பதிலுக்கு வருங்காலத்தில் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள் சிலவற்றை வாங்கிக்கொண்டது. அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

அச்சுக்காரி எழுதியது:

வெள்ளி, மாலை 4.40. 'கையெழுத்திட்டுக் கைமாற்றல்' என்று எழுதிவிட்டேன். ஃப்ரீ ஏஜென்டுக்குத் 'தன்னுரிமை வீரர்', ரிஸ்ட்ரிக்டெட் ஆளுக்கு 'வரம்புள்ள தன்னுரிமை வீரர்'. கட்டு, தளை இரண்டிலிருந்தும் தப்பிக்க இதுதான் வழி. பித்தன், ஆசிரியை, மதுரை ஐயா மூவரும் தனி மடலில் சரி என்றார்கள்; அதையே பெரும்பான்மை என்று கொள்கிறேன். சட்டத்தரகர் ஐயாவின் ஃப்ளட் பத்தியில் மட்டும் 'தளை' இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

தனித்தமிழ்ச் செம்மல் எழுதியது:

திங்கள் காலைதான் பார்த்தேன். 'வீரர்' என்பதன் வேரைப் பற்றி யாருமே பேசவில்லையே? கோப்பு அச்சுக்குப் போய்விட்டதா?