புது தோல் ஹோல்ஸ்டர் ரொம்ப இறுக்கம்: எண்ணெய் போடலாமா, கூடாதா?

கேட்டி செந்தில்:
ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். க்ளாக் 19 கைத்துப்பாக்கிக்கு, பேன்ட்டுக்குள் செருகும் தோல் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) ஒன்று வாங்கினேன். துப்பாக்கி உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. உருவினால் பேன்ட்டும் சேர்ந்து மேலே வருகிறது. குனிந்தால் விலாவில் குத்துகிறது. எண்ணெய் தடவி இளக்கலாமா?

டல்லஸ் முரளி:
தாராளமாக. பேஸ்பால் கிளவுஸை அப்படித்தான் பழக்குகிறார்கள். மிங்க் ஆயில் என்று தோலை இளக்கும் எண்ணெய் இருக்கிறது, அதை இரண்டு தடவை உள்ளும் புறமும் தடவி, மதிய வெயிலில் காருக்குள் வையுங்கள். மறுநாளே மெத்தென்று ஆகிவிடும்.

ஆம்பூர்க்காரன்:
செந்தில் தம்பி, தயவுசெய்து வேண்டாம். கிளவுஸ் மடங்க வேண்டிய பொருள், ஹோல்ஸ்டர் மடங்கவே கூடாத பொருள்.

எங்கள் குடும்பத்தில் தோல் பதனிடுவதுதான் தொழில். ஹோல்ஸ்டருக்கு எடுப்பது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். எங்கள் ஊர்ப் பக்கம் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போடுவார்கள், அதே வகை. அதை நனைத்து, துப்பாக்கி அச்சின் மேல் அழுத்திக் காயவைத்தால் அந்த வடிவத்திலேயே இறுகி நிற்கும். அந்த இறுக்கத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். எண்ணெய் தோலின் நாருக்குள் இறங்கிவிட்டால் அந்த இறுக்கம் திரும்ப வராது. வெயிலும் ஆகாது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் கொதிநீரையே தாங்கும். பட்டைத் தோல் ஈரமாக இருந்தால் 70, 80 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கிவிடும்.

இப்படிச் செய்யுங்கள். மேகசினை (தோட்டாக் கூட்டை) கழற்றி, ஸ்லைடை (துப்பாக்கியின் மேல்பகுதியை) பின்னால் இழுத்து, தோட்டா நிற்கும் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். துப்பாக்கியை மெழுகுத்தாளில் ஒரே ஒரு சுற்று சுற்றி, முழுக்க உள்ளே தள்ளி, நூலளவு இப்படியும் அப்படியும் அசைத்துக் கொடுங்கள். ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கட்டும். காலையில் தாளை எடுத்துவிட்டு முப்பது தடவை உருவிப் பழகுங்கள்.

டல்லஸ் முரளி:
அண்ணா, நானும் மூன்று ராத்திரி தாள் சுற்றி வைத்தேன். அதே இறுக்கம். எண்ணெய் போட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. நாலு வருஷமாக அதைத்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்டின் கவிதா:
முரளி சார், நானும் எண்ணெய் போட்டவள்தான். ஆறு மாதம் சுகமாக இருந்தது. ஒரு நாள் துப்பாக்கியைத் திரும்ப உறையில் விடும்போது பாதியில் ஏதோ தடுத்தது. அழுத்தாமல் நிறுத்தினேன். குனிந்து பார்த்தால், உறையின் வாயோரத் தோல் உள்பக்கம் மடிந்து, நாக்கு மாதிரி ட்ரிகர் கார்டுக்குள், அதாவது ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்துக்குள், நுழைந்திருந்தது. க்ளாக்கில் கட்டைவிரலால் போடும் சேஃப்டி கிடையாது. ட்ரிகரை விரல் இழுத்தாலும் வெடிக்கும், தோல் இழுத்தாலும் வெடிக்கும். குழல் என் தொடையைப் பார்த்து இருந்தது. கை நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். அன்றே அந்த உறையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன்.

டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயது ஆன பெரும்பாலானவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். வகுப்புக்கே போகாமல் உறை வாங்குகிறவர்கள் நிறைய. அவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் உறையை இன்றைக்கே வெறுமையாக இடுப்பில் போட்டு, வாய் திறந்தே நிற்கிறதா என்று பாருங்கள்.

டல்லஸ் முரளி:
பார்த்தேன் கவிதா. வாயில் இன்னொரு தோல் பட்டை வைத்துத் தைத்திருப்பதால் நின்றால் திறந்திருக்கிறது. உட்கார்ந்தால் கொஞ்சம் அமுங்குகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதை மாற்றப் போகிறேன். ஆனால் இவ்வளவு பாடு எதற்கு? கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறை வாங்கினால் முதல் நாளே வேலை முடிந்தது. வாயும் மடங்காது.

ஆம்பூர்க்காரன்:
கைடெக்ஸை நான் குறை சொல்லவில்லை முரளி. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் இடுப்பில் இருந்தால் தோல்தான் உடம்போடு படியும்.

செந்தில், விலாவில் குத்துவது இறுக்கத்தால் அல்ல, இடத்தால். இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடுங்கள். பேன்ட் மேலே வருவதற்கு உங்கள் பெல்ட்தான் காரணம். இரட்டைத் தோல் பெல்ட் வாங்குங்கள்.

கேட்டி செந்தில்:
அண்ணா, நாலு ராத்திரி தாள் சுற்றி வைத்தேன், பெல்ட்டையும் மாற்றினேன். பாதிப் பிரச்சினை பெல்ட்டிலேயே போய்விட்டது. இப்போது ஒரே இழுப்பில் வருகிறது. ட்ரிகர் கார்டு பக்கம் மட்டும் லேசாகப் பிடிக்கிறது.

ஆம்பூர்க்காரன்:
அந்தப் பிடி இருக்கட்டும் தம்பி. காலித் துப்பாக்கியை உறையில் விட்டு, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து ஒரு குலுக்கு குலுக்குங்கள். விழாமல் நின்றால் இனி தாள் சுற்ற வேண்டாம்.