4 நாள்ல ஜயான், பிரைஸ், மான்யுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன்: அப்பா அம்மாவோட போக முடியுமா?

ஜன்னல்சீட்டு:

வணக்கம் மக்களே. அக்டோபர் நடுவுல நாலு நாள் லீவ் அமைஞ்சிருக்கு. வேகஸ் வரைக்கும் ஃப்ளைட், அங்க கார் வாடகைக்கு எடுத்து யூட்டா, அரிசோனா பக்கம் கேன்யன் எல்லாம் ஒரு சுத்து சுத்திட்டு நாலாவது நாள் ராத்திரி மறுபடி வேகஸ்ல ஃப்ளைட் ஏறணும். நான், மனைவி, ஆறு வயசு பொண்ணு, அப்புறம் ஊர்ல இருந்து விசிட்டர் விசால வந்திருக்கற அப்பா அம்மா. அப்பா ரிட்டயர்டு சயின்ஸ் வாத்தியார், சமதரைல எவ்வளவு தூரம் வேணாலும் மெதுவா நடந்துடுவாரு, படி இறங்கறதுதான் முட்டிக்கு ஒத்துக்காது. அம்மாவுக்கு உயரத்துல இருந்து எட்டிப் பாக்க பயம்.

நான் போட்ட ப்ளான் இது. முதல் நாள் வேகஸ் டு ஜயான், ரெண்டாவது நாள் பிரைஸ், மூணாவது நாள் மான்யுமென்ட் வேலி பாத்துட்டு ராத்திரி பேஜ்ங்கற ஊர்ல தங்கல், நாலாவது நாள் ஆன்டிலோப் (குறுகலான பாறைச் சந்து கேன்யன்), ஹார்ஸ் ஷூ பெண்ட் (ஆறு லாடம் மாதிரி வளையற இடம்), கிராண்ட் கேன்யன் பாத்துட்டு நேரா வேகஸ் ஏர்போர்ட். மேப்ல ஆயிரம் மைலுக்கு மேல காட்டுது, ஓட்டறது எனக்கு பிரச்சனை இல்ல, லாங் டிரைவ் பழக்கம்தான். இது நடக்குமா? நாலு சக்கர டிரைவ் வண்டி எடுக்கணுமா? ஆன்டிலோப்ல அப்பர் நல்லதா லோயர் நல்லதா, கைடு இல்லாம நாமளே போக முடியுமா? போனவங்க யாராவது சொல்லுங்க.

கல்லும்மணலும்:

வாங்க. நேராவே சொல்லிடறேன், இந்த ப்ளான் வண்டி ஓட்டற உங்களுக்கு நடக்கும், பின்சீட்ல உக்காந்து வர்ற அப்பா அம்மாவுக்கு நடக்காது. அந்த ஊர்ப்பக்கம் மைல் கணக்கு பாத்து ப்ளான் போடவே கூடாது, வெளிச்சத்தை பாத்துதான் போடணும். அக்டோபர் நடுவுல யூட்டால ஏழு மணிக்குள்ள சூரியன் இறங்கிடும், பேஜ்ல ஆறுக்கு முன்னாடியே. இருட்டினதுக்கு அப்புறம் அந்த ரோட்ல பாக்க ஒண்ணும் இல்ல, கூடவே மான் குறுக்க வரும், சில இடத்துல வேலியே இல்லாம மாடு மேயும், அதனால எங்க தங்கறீங்களோ அங்க பொழுது சாயறதுக்குள்ள போய் சேர்ந்துடுங்க. அப்போ ஒரு நாளைக்கு கையில இருக்கறது பதினோரு மணி நேர வெளிச்சம்தான். பிரைஸ்ல இருந்து மான்யுமென்ட் வேலிக்கு மட்டுமே கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஓட்டணும், அங்க போனா 17 மைல் மண் ரோட் வேற, கல்லும் குழியுமா இருக்கும், முட்டிவலிக்காரரை அதுல குலுக்கி எடுக்க வேணாம். அதை இந்த தடவை விட்டுடுங்க.

அதை எடுத்துட்டீங்கன்னா மிச்சம் அழகா உக்காரும். முதல் நாள் வேகஸ்ல இருந்து ஜயான் வாசல்ல இருக்கற ஊர் ஸ்பிரிங்டேல் 160 மைல், மூணு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், ஆனா யூட்டா எல்லை தாண்டினதும் கடிகாரத்துல ஒரு மணி நேரம் போயிடும், அதையும் சேர்த்து கணக்கு போடுங்க. ஜயான்ல அந்த சமயம் உள்ள மெயின் ரோட்ல சொந்த வண்டி விடமாட்டாங்க, ஷட்டில் பஸ்தான், காசு கிடையாது, புக்கிங்கும் வேணாம். விசிட்டர் சென்டர் பார்க்கிங் காலைலயே நிரம்பிடும், ஸ்பிரிங்டேல்ல தங்கினா வண்டியை ரூம்லயே விட்டுட்டு ஊர் ஷட்டில்ல வந்துடலாம். கடைசி ஸ்டாப் டெம்பிள் ஆஃப் சினவாவா, அங்க இறங்கினா ரிவர்சைட் வாக்னு ஆத்தோரமா தார் போட்ட பாதை, போக வர 2.2 மைல், பெரிய ஏத்தம் எதுவும் இல்ல, ரெண்டு பக்கமும் செங்குத்தா பாறை நிக்கும், அப்பாவுக்கும் சரி, கீழ இருந்து மேல பாக்கற இடம்ங்கறதால அம்மாவுக்கும் சரி. ஏஞ்சல்ஸ் லாண்டிங்னு செங்குத்தான பாறை உச்சி இருக்கு, அந்தப் பக்கம் போகவே வேணாம், 2022ல இருந்து அதுக்கு லாட்டரி போட்டு பர்மிட் வாங்கணும், உங்க குடும்பத்துக்கு அது இடமும் இல்ல.

ரெண்டாவது நாள் மத்தியானம் கிழக்கு பக்கமா கிளம்புங்க, 1930ல திறந்த டனல் வரும், ஒரு மைலுக்கு மேல நீளம், பாறைல அங்கங்க ஜன்னல் வெட்டி விட்டிருக்காங்க, இருட்டுல போயிட்டே இருக்கும்போது ஒரு செகண்ட் பளிச்னு பள்ளத்தாக்கு தெரிஞ்சு மறையும், நிறுத்தக்கூடாது, அதனால பொண்ணை இடது பக்க ஜன்னல்ல உக்கார வைங்க. வெளிய வந்தா செக்கர்போர்ட் மேசா, மலை பூரா கட்டம் கட்டமா கோடு. படுக்கை கோடு எல்லாம் ஒரு காலத்துல காத்து கொண்டாந்து குவிச்ச மணல் மேடோட அடுக்கு, 18 கோடி வருஷத்துக்கும் முன்னாடி அந்த ஏரியா முழுக்க மணல் பாலைவனம், அதுவே இறுகி நவஹோ சாண்ட்ஸ்டோன் ஆயிடுச்சு. வாத்தியார்கிட்ட இதை சொல்லுங்க, இறங்கி பாக்காம விடமாட்டாரு.

அங்க இருந்து பிரைஸ் ரெண்டு மணி நேரம். சன்ரைஸ் பாயின்ட்டுக்கும் சன்செட் பாயின்ட்டுக்கும் நடுவுல அரை மைல் சமதளமா தார் பாதை இருக்கு, வீல்சேரே போகும். ஆனா அது 8000 அடி உயரம், அக்டோபர் ராத்திரில தண்ணி உறையற குளிர் அடிக்கும், அப்பா அம்மாவுக்கு நல்ல ஜாக்கெட், குல்லா கட்டாயம். மூணாவது நாள் காலைல சூரியன் வர்றதை பாத்துட்டு கனாப் வழியா பேஜ், நாலாவது நாள் காலைல ஆன்டிலோப், ஹார்ஸ் ஷூ பெண்ட், பன்னண்டு மணிக்கு கிளம்பினா அஞ்சு மணி சுமாருக்கு வேகஸ். கிராண்ட் கேன்யன் இதுல வராது. சாதாரண காரே போதும், எல்லாம் தார் ரோடுதான். காட்டன்வுட் கேன்யன் ரோடுனு மேப் ஒரு குறுக்கு வழி காட்டும், அது மண் ரோடு, மழை பெஞ்சா களிமண் டயர்ல அப்பி வண்டி நகராது, வாடகை வண்டி கான்ட்ராக்ட்லயும் பெரும்பாலும் மண் ரோடு கூடாதுனு போட்டிருப்பாங்க.

வெயில்காத்தான்:

ஆன்டிலோப் பத்தி நான் சொல்றேன். அது நவஹோ மக்களோட நிலம், நேஷனல் பார்க் கிடையாது, கைடு இல்லாம உள்ள விடவே மாட்டாங்க, நீங்க வாங்கற பார்க் பாஸும் அங்க செல்லாது. இப்பவே புக் பண்ணிடுங்க. லோயர்ல செங்குத்தா இரும்பு படி நிறைய, உங்க அப்பாவுக்கு வேணவே வேணாம். அப்பர்ல வண்டில கூட்டிட்டு போய் வாசல்ல இறக்கிடுவாங்க, உள்ள மணல் தரை, சமதளம், ஆனா வெளிய வந்து சுத்தி திரும்பற வழில ஏத்த இறக்கமும் படியும் இருக்கு, அதனால புக் பண்றப்பவே முட்டி பிரச்சனைய சொல்லி கேட்டுக்கோங்க. அந்த ஒளிக்கத்தை நேரா தரைல விழற படம் எல்லாம் மார்ச் கடைசில இருந்து அக்டோபர் ஆரம்பம் வரைக்கும்தான், நீங்க போறப்ப அது கிடைக்காது, அதுக்காக மத்தியான டிக்கெட்டுக்கு அதிக காசு குடுக்காதீங்க, காலைல போனாலும் சுவர் பூரா ஆரஞ்சும் ஊதாவுமா மாறிட்டே இருக்கும்.

இன்னொண்ணு, தயவு செஞ்சு இதை லேசா எடுத்துக்காதீங்க. மழை வாய்ப்பு இருந்தா டூரை கேன்சல் பண்ணுவாங்க, அப்போ தலைக்கு மேல நீல வானமா இருக்கேனு அவங்களோட சண்டை போடறவங்களை பாத்திருக்கேன், மனசு பதறும். 1997 ஆகஸ்ட் 12 லோயர் ஆன்டிலோப்ல 11 பேர் வெள்ளத்துல செத்தாங்க, கேன்யன் பக்கம் பெரிய மழையே இல்ல, பல மைல் தள்ளி பெஞ்ச மழை அது. அந்த பூமி வெறும் பாறை, தண்ணிய குடிக்காது, பெஞ்சது மொத்தமும் ஓடி வந்து அந்த சந்துக்குள்ளதான் இறங்கும். இந்த மாதிரி குறுகலான ஸ்லாட் கேன்யன் உள்ள நடக்கும்போது அண்ணாந்து பாருங்க, சில இடத்துல உங்க தலைக்கு ரொம்ப மேல ரெண்டு சுவருக்கும் நடுவுல ஒரு மரக்கட்டை சிக்கிட்டு நிக்கும், தண்ணி அந்த உயரத்துக்கு வந்து விட்டுட்டு போனது. மழை சீசன் செப்டம்பரோட பெரும்பாலும் முடிஞ்சாலும் அக்டோபர்லயும் வரும். தேசிய வானிலை சர்வீஸ் அந்த பார்க்குகளுக்கு தினமும் ஃபிளாஷ் ஃபிளட் (திடீர் வெள்ளம்) ரேட்டிங் போடறாங்க, காலைல அதை பாத்துட்டு கிளம்புங்க.

வளைவுசாலை:

கல்லும்மணலும் சொன்ன ரூட் அருமைதான், ஆனா எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. நான் மாமியாரை கூட்டிட்டு போயிருக்கேன், அதனால சொல்றேன். ஊர்ல இருந்து வர்ற பெரியவங்க மறுபடி எப்ப வருவாங்கனு சொல்ல முடியாது. திரும்பிப் போனதும் தெருவுல கேக்கற முதல் கேள்வி கிராண்ட் கேன்யன் பாத்தியான்னுதான். பிரைஸை விட்டுட்டு கிராண்ட் கேன்யனை வைங்க. ஜயான்ல இருந்து நேரா கனாப் வழியா பேஜ் ரெண்டரை மணி நேரத்துக்குள்ள வந்துடும். மூணாவது நாள் காலைல ஆன்டிலோப், ஹார்ஸ் ஷூ, அங்க இருந்து கேமரன் ஊர் வழியா கிராண்ட் கேன்யனோட தெற்கு விளிம்பு, அதாவது சவுத் ரிம், ரெண்டரை மணி நேரம், சாயங்காலம் சூரியன் இறங்கறதை அங்க பாத்துட்டு ராத்திரி தங்கி, நாலாவது நாள் மத்தியானம் கிளம்பி வேகஸ் நாலரை மணி நேரம். குளிர் அங்கயும் இருக்கு, அது 7000 அடி, ஆனா பிரைஸை விட தேவலை.

ஹார்ஸ் ஷூ பெண்ட்ல அம்மாவை கம்பி போட்ட இடத்துலயே நிறுத்திடுங்க, கம்பி கொஞ்ச தூரத்துக்குத்தான் இருக்கு, மத்த பக்கம் எல்லாம் வெறும் விளிம்பு, ஆயிரம் அடி கீழதான் ஆறு ஓடுது. பொண்ணு கையை விடவே கூடாது. பார்க்கிங் 10 டாலர், பேஜ் ஊர்க்காரங்க வாங்கறது, இங்கயும் பாஸ் செல்லாது. போக வர ஒன்றரை மைல், நிழல் ரொம்ப கம்மி, தண்ணி எடுத்துக்கோங்க.

காசு விஷயம் முக்கியம். 2026ல இருந்து அமெரிக்கால வசிக்காத, 16 வயசும் அதுக்கு மேலயும் இருக்கறவங்களுக்கு 11 பார்க்ல ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வெச்சிருக்காங்க, ஜயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூணுமே அந்த லிஸ்ட்ல இருக்கு. வருஷ பாஸ் இங்க இருக்கறவங்களுக்கு 80 டாலர், வெளிநாட்டுக்காரங்களுக்கு 250. அப்பா அம்மா விசிட்டர் விசான்னு சொல்றீங்க, எந்த பாஸ் எடுத்தா உங்க காருக்கு லாபம்னு பார்க் சைட்ல பாத்துட்டு அப்புறம் வாங்குங்க.

ஜன்னல்சீட்டு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மான்யுமென்ட் வேலிய எடுத்துட்டேன். அப்பாகிட்ட பிரைஸ் படமும் கிராண்ட் கேன்யன் படமும் காட்டி கேட்டேன், ரொம்ப நேரம் பாத்துட்டு "அந்தப் பெரிய பள்ளத்தையே பாத்துடலாம்டா"ன்னுட்டாரு, ஸ்கூல்ல பசங்களுக்கு அரிப்பு பாடம் எடுக்கும்போது போர்டுல வரைஞ்சு காட்டின இடமாம். அதனால வளைவுசாலை சொன்ன ரூட். ஒரே சந்தேகம், ஆன்டிலோப் டிக்கெட் காலை 8:30னா அது எந்த ஊர் டைம்? ஜயான்ல ஒரு டைம், அரிசோனால ஒரு டைம்னு படிச்சு தலை சுத்துது. சவுத் ரிம்ல அப்பா நடக்கற மாதிரி என்ன இருக்கு?

கல்லும்மணலும்:

அப்பாவே சொல்லிட்டாருன்னா வேற பேச்சே இல்ல, நல்ல முடிவு.

டைம் இப்படி வெச்சுக்கோங்க. அரிசோனா கோடைக்கு கடிகாரத்தை மாத்தாது, யூட்டா மாத்தும், அதனால அக்டோபர்ல பேஜ் டைமும் வேகஸ் டைமும் ஒண்ணு, ஜயான் கடிகாரம் மட்டும் ஒரு மணி நேரம் கூட காட்டும். இதுல நவஹோ நிலத்துல அவங்க கடிகாரத்தை மாத்துவாங்க, ஆனா ஆன்டிலோப் டூர் எல்லாம் பேஜ் டைம்தான். பிரச்சனை போன்லதான் வரும், பேஜ்ல நிக்கும்போதே எந்த டவர் கிடைக்குதோ அந்த டைமுக்கு மணி தாவும், அலாரம் தப்பா அடிக்கும். போன்ல ஆட்டோமேட்டிக் டைமை ஆஃப் பண்ணிட்டு ஃபீனிக்ஸ்னு செட் பண்ணிடுங்க, இல்ல கையில வாட்ச் கட்டிக்கோங்க. பேஜ்ல இருந்து கேமரன் போறப்பவும் நவஹோ நிலம்தான், மறுபடி தாவும், சவுத் ரிம் அரிசோனா டைம்.

சவுத் ரிம்ல அப்பாவுக்குனே ஒண்ணு இருக்கு, டிரெயில் ஆஃப் டைம். யாவபாய் ஜியாலஜி மியூசியத்துல இருந்து வில்லேஜ் (பார்க் உள்ள ஹோட்டல் எல்லாம் இருக்கற இடம்) பக்கம் போற விளிம்பு பாதை, தார் போட்டது, பெரும்பாலும் சமதளம். ஒரு மீட்டர் நடந்தா பத்து லட்சம் வருஷம் பின்னாடி போறோம்னு கணக்கு, தரைல குறி பதிச்சிருக்காங்க, அந்தந்த வயசு வரும்போது கேன்யன்ல அந்த அடுக்குல இருந்து எடுத்த பாறையவே ஓரமா வெச்சிருக்காங்க, கையால தொட்டு பாக்கலாம், கேன்யன் அடில இருக்கற கல்லு 180 கோடி வருஷத்துது, அது வரைக்கும் நடந்தே போயிடலாம். முழுசா நடக்கணும்னு இல்ல, முட்டி சொன்னா நடுவுல பஸ் ஏறிடலாம். நீங்க ஜயானை முதல்ல பாத்துட்டு வர்றதும் நல்லதாப் போச்சு, ஏன்னா கிராண்ட் கேன்யன்ல உச்சில இருக்கற கைபாப் சுண்ணாம்புக்கல்தான் ஜயான்ல எல்லாத்துக்கும் அடில இருக்கறது, அங்க விட்ட இடத்துல இருந்து இங்க இன்னும் கீழ இறங்கறீங்க.

கேமரன்ல இருந்து வரும்போது கிழக்கு வாசல், அங்கயே டெசர்ட் வியூ, 1932ல மேரி கோல்ட்டர் டிசைன் பண்ணி கட்டின கல் கோபுரம். ஆறு அங்க இருந்து நல்லா தெரியும், நிறைய இடத்துல தெரியாது. அங்க இருந்து வில்லேஜ் 25 மைல், வழி பூரா வியூ பாயின்ட், பகல்லயே வந்துட்டா ஒவ்வொண்ணா நிறுத்தி வரலாம்.

வெயில்காத்தான்:

ஜயான்ல இருந்து கிளம்பறப்ப கனாப்ல டேங்க்கை ஃபுல் பண்ணிடுங்க, பேஜ் அங்க இருந்து 74 மைல், பாதி தூரம் சிக்னல் வராது, மேப்பை ஆஃப்லைன்ல இறக்கி வைங்க. தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கணக்குல டிக்கில கிடக்கட்டும், குளிர் காலம்தானேனு விடாதீங்க, அந்தக் காத்துல வேர்வை தெரியாமலே காஞ்சுடும், பெரியவங்க தாகம் எடுக்கலைனு குடிக்காமலே இருந்துடுவாங்க, நீங்கதான் கேட்டு கேட்டு குடுக்கணும். ஆன்டிலோப் உள்ள பை எதுவும் விடமாட்டாங்க, தண்ணி பாட்டிலை மட்டும் கையில எடுத்துக்கோங்க. அப்பர் போற வண்டில பொண்ணுக்கு சைல்டு சீட் கேக்கலாம், புக் பண்றப்பவே விசாரிச்சுடுங்க.

ஜன்னல்சீட்டு:

அப்பர் டிக்கெட் காலை ஸ்லாட் புக் பண்ணிட்டேன், முட்டி விஷயமும் போன்ல சொல்லிட்டேன். சவுத் ரிம் உள்ள ரூம் எதுவும் காலி இல்ல, டுசாயன்ல பாக்கறேன், வாசல்ல இருந்து பக்கம்தானே?

வளைவுசாலை:

டுசாயன் ரொம்ப பக்கம், தெற்கு வாசலுக்கு வெளியவே இருக்கு. ஆனா சூரியன் இறங்கினதும் எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்புவாங்க, ரோட்ல எல்க்னு பெரிய மான் நிக்கும், ஒரு பதினஞ்சு இருபது நிமிஷம் விளிம்புலயே இருந்துட்டு மெதுவா வாங்க. காலைலயும் வாசல்ல க்யூ நீளும், எட்டு மணிக்கு முன்னாடி உள்ள போயிடுங்க.