பித்தப்பை ஆபரேஷன்: டெல்லியில் செய்துகொள்பவர்களுக்கு

தியேட்டர் நர்ஸ், ஆர்.கே. புரம்:
கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவிடலாமே என்று கேட்காதவர்கள் குறைவு. பை இருந்தால் மறுபடி கல் சேரும், அதனால் பையோடுதான் எடுப்பார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த கல்லுக்குப் பெரும்பாலும் ஆபரேஷனே தேவைப்படாது.

தேதி குறிக்குமுன் ரத்தத்தில் பிலிருபினையும் ஆல்கலைன் பாஸ்படேஸையும் (பித்தம் போகும் வழி அடைத்தால் ஏறுபவை) பாருங்கள். அவை ஏறியிருந்தாலோ, ஸ்கேனில் பித்தக்குழாய் விரிந்திருந்தாலோ, கல் பையை விட்டுக் குழாயில் இறங்கியிருக்கலாம். முதலில் எம்ஆர்சிபி (பித்தக்குழாயைப் பார்க்கும் எம்ஆர்ஐ ஸ்கேன்), கல் உறுதியானால் இஆர்சிபி (வாய்வழியாக எண்டோஸ்கோப் விட்டுக் குழாயை அடைவது) செய்து எடுத்துவிட்டுத்தான் பையைத் தொடுவது வழக்கம். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் மயக்க டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால் சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் மறைக்காதீர்கள்.

வழக்கமாக வயிற்றைத் திறக்காமல், கேமரா விட்டு நான்கு துளை வழியாகச் செய்வார்கள்: தொப்புளில் ஒன்று, மேல்வயிற்றிலும் வலப்பக்கத்திலுமாக மூன்று. ஒவ்வொன்றும் 5 முதல் 10 மி.மீ. கார்பன் டை ஆக்ஸைடு ஏற்றி வயிற்றை உப்பவைத்து, பையின் குழாயையும் அதன் ரத்தக்குழாயையும் தனித்தனியாகப் பிரித்துக் கண்ணால் பார்த்தபிறகே கிளிப் போட்டு வெட்ட வேண்டும். பழைய அழற்சியில் எல்லாம் ஒட்டிக் கிடந்தால் எது எது என்று தெரியாது. பொதுப் பித்தக்குழாயே வெட்டுப்படலாம். அந்த நேரத்தில் வயிற்றைத் திறக்கிற சர்ஜன்தான் நல்ல சர்ஜன். அதற்கும் சேர்த்துத்தான் முன்கூட்டியே கையெழுத்து வாங்குகிறார்கள். டைட்டானியம் கிளிப் உள்ளேயே இருக்கும். மெட்ரோ செக்கிங்கில் கூவாது, பயப்படாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் டெஸ்க், மயூர் விஹார்:
பல பாலிசிகளில் பித்தப்பைக் கல்லுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு. அட்மிஷனுக்கு முன்பே படித்துப் பாருங்கள். சிஜிஎச்எஸ் (மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டம்) கார்டு என்றால் பெரும்பாலும் அதன் வெல்னஸ் சென்டரில் பரிந்துரைச் சீட்டு வாங்க வேண்டும்.

வார்டு நர்ஸ், ஜனக்புரி:
வயிற்றில் ஆபரேஷன், தோளில் ஏன் வலி என்று பலர் பதறுகிறார்கள். மிச்ச வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. எழுந்து நடந்தால் ஓரிரு நாளில் போய்விடும். சிக்கல் இல்லையென்றால் மறுநாளே டிஸ்சார்ஜ். பித்தம் கல்லீரலில் சுரந்து நேராகக் குடலுக்குச் சொட்டுவதால் சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகும். இட்லி, ரசம் சாதம் தாராளமாகச் சாப்பிடலாம். சோலே பட்டூரே சில வாரம் காத்திருக்கட்டும்.

நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும். கூடினாலோ, காய்ச்சல், கண்ணில் மஞ்சள், விடாத வாந்தி என்று வந்தாலோ பித்தக் கசிவாக இருக்கலாம். அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள். இது பெரும்பாலும் முதல் வாரத்தில் தலைகாட்டும் என்பதால், தையல் பிரிக்குமுன் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரிப் பயணம் வேண்டாம். அப்புறம் போனாலும் லோயர் பெர்த். பெட்டியை வேறொருவர் தூக்கட்டும்.

இரண்டு காகிதம் முக்கியம். ஒன்று, எடுத்த பையைச் சோதித்த பயாப்ஸி ரிசல்ட். வட இந்தியாவில், அதிலும் கங்கைச் சமவெளியில், பித்தப்பைப் புற்றுநோய் அதிகம். ரிப்போர்ட்டை வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, இஆர்சிபியில் ஸ்டென்ட் (பித்தக்குழாய் திறந்திருக்க உள்ளே வைக்கும் சிறு குழல்) வைத்தார்களா, எப்போது எடுக்க வேண்டும் என்ற குறிப்பு. பிளாஸ்டிக் ஸ்டென்ட் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் அடைத்துக்கொண்டு மஞ்சள் காமாலையும் குளிர் காய்ச்சலும் வரும்.