லீட் டைமுக்குத் தமிழ்ச் சொல்: எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பொருளுக்கு ஆர்டர் கொடுப்பதற்கும் அது கிடைப்பதற்கும் நடுவில் ஆகும் காலத்தை லீட் டைம் என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் காத்திருப்பு நேரம், தவணை, முன்னேற்பாட்டுக் காலம் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எது நல்ல சொல் என்று பார்க்கும் முன், எதற்கான சொல் என்று முடிவு செய்துவிட வேண்டும். காரைக்குடியில் கட்டுமானப் பொருள் வியாபாரத்தின் இருப்புக் கணக்கைப் பார்ப்பவன் நான். அதிலிருந்தே சொல்கிறேன்.

ஆத்தங்குடிக் கல்லை, அதாவது செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரை ஓட்டை, எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். சூளை கிடையாது. சிமெண்டு தானாக இறுக வேண்டும், தொட்டித் தண்ணீரில் ஊற வேண்டும், அப்புறம் காய வேண்டும். ஐப்பசி மழையில் காய்கிற வேலை இழுத்துக்கொண்டே போகும். எத்தனை ஆள் போட்டாலும் அதைச் சுருக்க முடியாது.

பட்டறைக்காரர் 12 நாள் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கணக்கு அட்வான்ஸ் கைக்கு வந்த நாளில் தொடங்கி, கல்லை அடுக்கி வைத்த நாளில் முடிகிறது. சென்னைக் கடைக்காரருக்கோ ஆர்டர் சொன்ன நாளிலேயே தொடங்கிவிடுகிறது. லோடு வந்து, இறக்கி, உடைந்ததைக் கழித்து, குடோனில் எண்ணி வைத்த பிறகுதான் முடிகிறது. அது 18 நாள். தினம் 80 கல் விற்கிறது. இருப்பு எவ்வளவுக்கு இறங்கினால் அடுத்த ஆர்டர் போடுவது? தினசரி விற்பனையை லீட் டைமால் பெருக்கி, அதோடு பாதுகாப்பு இருப்பை, அதாவது எதிர்பாராத தாமதத்துக்கோ கூடுதல் விற்பனைக்கோ ஒதுக்கி வைக்கும் சரக்கை, கூட்ட வேண்டும். பெருக்கலில் 12 போட்டால் 960, 18 போட்டால் 1,440. நடுவில் விழுகிற 480 கல் பாதுகாப்பு இருப்பைத் தின்றுவிடும். அதுவும் போதாவிட்டால் கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டு உட்கார வேண்டியதுதான்.

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் கடைக்காரர் அடுத்த முறை பயந்துபோய் இரண்டு மடங்கு ஆர்டர் போடுவார். விற்பனை கூடிவிட்டது என்று நம்பி பட்டறைக்காரர் சிமெண்டும் மணலும் வாங்கிக் குவிப்பார். இப்படிக் கால இடைவெளிகள் ஆர்டரின் ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக்கும் என்று அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961-லேயே விளக்கிவிட்டார்.

ஏற்றுமதிக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் பழையது. ஒரே வணிகச் சொல்லை நாட்டுக்கு நாடு வேறு மாதிரி புரிந்துகொண்டதால்தான் சர்வதேச வணிகச் சங்கம் 1936-இல் இன்கோடெர்ம்ஸ் என்ற வணிகச் சொல் விதிகளை வெளியிட்டது. 2020 பதிப்பில் 11 விதிகள் உள்ளன. அவற்றில் ஒன்றான எஃப்.ஓ.பி. (ஃப்ரீ ஆன் போர்ட்) என்று எழுதினால், சரக்கு கப்பலில் ஏறும்வரை நஷ்டம் விற்பவருடையது, ஏறிய பிறகு வாங்குபவருடையது. தூத்துக்குடியில் கல் உடைந்தால் யார் தலையில் விழும் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சரி, சொற்களுக்கு வருகிறேன். காத்திருப்பு நேரம் வேண்டாம். பட்டறையில் ஆர்டர் வரிசையில் கிடக்கும் நேரத்துக்கு அது தேவைப்படும். தவணையும் வேண்டாம். நகரத்தார் லேவாதேவிக் கணக்கில் நடப்பு வட்டி, தவணை வட்டி என்று அதற்கு இடம் இருந்தது. இன்றும் கடன் கட்டுகிறவர்களுக்குத் தவணை என்றால் வேறு பொருள்தான். முன்னேற்பாட்டுக் காலம் எது முடிந்தால் முடிகிறது என்று சொல்லவில்லை.

என் பரிந்துரை, மூன்றாகப் பிரிப்பது. ஆர்டர் உறுதியானதிலிருந்து சரக்கு ஏற்றத் தயாராகும்வரை ஆக்கக் காலம். லாரியில் ஏற்றியதிலிருந்து இறக்கும்வரை வழிக் காலம். ஆர்டர் சொன்ன நாளிலிருந்து, சரிபார்த்து விற்பனைக்கு எடுத்து வைக்கும்வரை மொத்தமும் கைசேர் காலம். இருப்புக் கணக்கில் பெருக்க வேண்டியது இந்தக் கடைசி எண்ணைத்தான்.

கைசேர் காலத்தைவிட நல்ல சொல் இருந்தால் தாராளமாக மாற்றலாம், இரண்டு முனைகளை மட்டும் மாற்றாதீர்கள். இன்னொன்றும் பாக்கி இருக்கிறது: நாள் என்றால் வேலை நாளா, நாட்காட்டி நாளா? விற்பனை ஞாயிற்றுக்கிழமையும் நடப்பதால் நாட்காட்டி நாள் என்றே வரையறையில் எழுதிவிடலாம் என்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.